நுரையைக் கண்டு நடுங்காதே!

கெட்டுப்போயிருக்குமோ?

இந்த ஒற்றைக் கேள்வி எத்தனை பேர் உழைப்பைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறது! விடிகாலையில் இறக்கிய பதனியை, அதைக் காய்ச்சும் குடிலான விடிலிக்குக் கொண்டுவந்து, பானை வாயில் வெள்ளையாய் நுரை கட்டியிருப்பதைப் பார்த்து, தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரத்துப் பக்கம் ஒரு பெண் இதைக் கேட்கிறாள். மெல்போர்னில் கார் கொட்டகைக்குள் பிளாஸ்டிக் வாளியில் பீர் ஊறவைத்திருக்கும் தமிழ்ப் பையன், மூடியைத் தூக்கி, பக்கவாட்டில் அப்பியிருக்கும் பழுப்புக் கசடைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறான். ஒருத்தி தூக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். இன்னொருவன் வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறான். இருவர் நெஞ்சும் படபடக்கிறது. இருவர் கையும் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்க்கப் போகிறது.

நிறுத்து! கவிழ்க்காதே!

உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்கு இன்னும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தீர்ப்பு எழுத உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? உன் பயமா? பயத்துக்குக் கண் கிடையாது, மூக்கு கிடையாது, நாக்கு கிடையாது. உனக்கு மூன்றும் இருக்கின்றன. அவற்றைக் கட்டிப்போட்டுவிட்டு, குருட்டுப் பயத்தின் கையில் உன் உழைப்பை ஒப்படைக்கிறாயே, அதைத்தான் நான் பொறுக்கமாட்டேன் என்கிறேன்!

நம் மாநிலத்தில் வீட்டில் பீர் ஊறவைக்கச் சட்டம் இடம் தராது. கள்ளுக்கு 1987 முதல் தடை. அந்த வழக்கை வேறு இடத்தில் பேசிக்கொள்வோம். பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் செய்துகொள்ளலாம். அங்கே உள்ளவன் செய்துகொள்ளட்டும். நான் பேசவந்தது அந்த நடுக்கத்தைப் பற்றி. பீர் வாளி ஆனாலும், பதனிப் பானை ஆனாலும், நீ புதிதாகத் தொடங்கிய எந்தத் தொழில் ஆனாலும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்ற நடுக்கம். அதை வெல்லும் வித்தையைச் சாயர்புரம் செம்மண்ணில் நின்றுகொண்டே கற்றுக்கொள்ளலாம். வெளியே தேடிப் போகவேண்டாம்.

முதலில் பதனியைப் பார்.

பனம்பாளையின் வெட்டுவாயிலிருந்து சொட்டும்போது அது சர்க்கரைத் தண்ணீர். 100-க்கு 10 முதல் 14 பங்கு வரை சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் மண் துவாரங்களிலும் காத்துக்கிடக்கும் ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிடப் பெரிய விருந்து வேறு இல்லை. சும்மா விட்டால் விடிவதற்குள் கள். இன்னும் விட்டால் காடி. பங்குனி, சித்திரை வெக்கையில் அந்த ஓட்டம் இன்னும் வேகம்.

இந்தப் படையை எதிர்த்து நிற்பது எது? கலயத்தின் உள்பக்கம் பூசிய சுண்ணாம்பு. அவ்வளவுதான்! குளிர்பதனப் பெட்டி இல்லை, அடைத்து முத்திரை வைத்த புட்டி இல்லை, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆள் இல்லை. ஈஸ்டுக்குக் கொஞ்சம் அமிலம் வேண்டும். சுண்ணாம்பு அதைக் காரமாக்கிவிடுகிறது. விருந்து கண்ணெதிரே இருக்க, வந்த கிருமி வாய் வைக்க முடியாமல் கிடக்கிறது.

ஆனால் எவ்வளவு சுண்ணாம்பு? இங்கேதான் பனையேறியின் மேதைமை. குறைந்தால் பதனி புளிக்கும். கூடினால் தொண்டை கரகரக்கும், கருப்பட்டி கறுத்துப்போகும். ஒவ்வொரு மரமும் ஒரே அளவு ஊறுவதில்லை. அலகுப்பனை ஒரு கணக்கு, பருவப்பனை ஒரு கணக்கு. மேகம் போட்ட நாள் ஒரு கணக்கு, அனல் வீசும் நாள் ஒரு கணக்கு. இடுப்பில் அருவாப்பெட்டி, கீழே சாய்த்துவைத்த முருக்குத்தடி, காலில் தளைநார். காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவி, கலயத்தை இறக்கி, சுண்ணாம்பைத் தடவி மறுபடி கட்டுகிறாரே, அந்த மனிதர் மரத்தின் உச்சியில் நின்று எடுக்கும் முடிவு ஆய்வுக்கூடத்தில் எடுக்கும் முடிவுக்கு எந்த வகையில் குறைந்தது? பாளையை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீவுவது ஊறல் அடைபடாமல் இருக்க மட்டும் அல்ல. பழைய வெட்டுவாயில்தான் புளிப்பு குடியேறும். அதைச் சீவி எறிகிறார். இதற்குப் பெயர் சுகாதாரம் என்று எந்தப் பாடப்புத்தகமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

கீழே விடிலியில் அவர் மனைவி. பானையில் வடிகட்டி ஊற்றி, பனைமட்டையையும் காய்ந்த ஓலையையும் எரித்துக் காய்ச்சுகிறார். பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுகிறார், நுரை அடங்குகிறது. எட்டு, பத்து லிட்டர் பதனி வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். பாகு கூப்பனியாகி, இன்னும் இறுகி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் இறக்கி, கிளறி, சிரட்டையில் ஊற்றவேண்டும்.

இந்த இடத்தில்தான் பதனி உண்மையைச் சொல்லும். புளிப்பு ஏறியிருந்தால் அதிலுள்ள கரும்புச் சர்க்கரை வகை உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகியிருக்கும். அவை இறுக விடாது. எத்தனை விறகை எரித்தாலும் சிரட்டையில் ஊற்றியது கையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் விறகு, ஒரு நாள் அனல், எல்லாம் வீண். ஆகவே, அந்தப் பெண்ணின் கவலை வெட்டிக் கவலை இல்லை. அதை நான் மதிக்கிறேன். கவலைப்படாதே என்று உபதேசம் செய்பவர்கள் விடிலிக்குள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்கட்டும்!

ஆனால் கவலை ஒரு கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. பதிலைத் தேடிப் போகவேண்டும். பாட்டிமார் போனார்கள். நுரையைப் பார்த்து மிரளும் மருமகளிடம் ஒரு பாட்டி சொல்லும் பேச்சு எப்படி இருக்கும்?

“ஏட்டி, நுரைச்சதெல்லாம் புளிச்சதா? கலயத்தக் குலுக்கிக் கொண்டாந்தா நுரைக்கத்தான் செய்யும். நாக்குல ஒரு சொட்டு வையி. சுருக்குன்னா இப்பமே அடுப்புல ஏத்து. இனிச்சா நீயும் ஒரு பட்டையில குடிச்சிட்டு ஏத்து!”

பார்த்தாயா? ஒரு அறிகுறி, அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்ற தெளிவு, இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை, சோதனை முடிந்ததும் செய்யவேண்டிய வேலை. நாலே வரியில் முழு விஞ்ஞானம்! பயத்துக்கு இதில் எந்த வரியிலும் இடம் இல்லை.

நாக்கின் மேல் நம்பிக்கை போதவில்லையா? அஞ்சறைப் பெட்டியைத் திற. ஒரு கரண்டி பதனியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போடு. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறாய். அதே வேதியியல்தான் இதுவும். கரண்டியில் செம்மை தட்டினால் சுண்ணாம்பின் காவல் இன்னும் பலமாக இருக்கிறது என்று பொருள். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் காவல் தளர்ந்துவிட்டது; கெட்டே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, இனி தாமதிக்காதே என்று அர்த்தம். முகர்ந்து பார், நாக்கில் வை, அடுப்பை மூட்டு. இவ்வளவுதானே! உன்னை அரை நாள் அழவைத்த பூதம் ஒரு சிட்டிகை மஞ்சளுக்கு முன்னால் நிற்கவில்லை பார்!

இந்தக் கடற்கரை கெட்டுப்போவதைக் கண்டு என்றைக்கு ஓடியிருக்கிறது? தூத்துக்குடி முத்துக்குளிப்பில் என்ன செய்தார்கள் தெரியுமா? கடலடியிலிருந்து அள்ளிவந்த சிப்பிகளைக் கரையில் வேலி கட்டிய கொட்டுக்குள் குவித்து, நாள்கணக்கில் அழுகவிட்டார்கள். ஈ மொய்க்கும், புழு நெளியும், நாற்றம் ஊரைத் தூக்கும். சதையெல்லாம் கரைந்தபின் தண்ணீர் ஊற்றி அலசி அலசி, அடியில் தங்கியதைத் துழாவி முத்து எடுத்தார்கள். அழுகலை வேலைக்காரனாக வைத்து வேலை வாங்கிய ஊர் இது! அதே கரையில் மீனுக்கு உப்பிட்டு அழுகலை வாசலோடு நிறுத்தினார்கள். கருவாடு மாதக்கணக்கில் நின்றது. எதை அழுகவிடுவது, எதை உப்பால் தடுப்பது, எதைச் சுண்ணாம்பால் கட்டுவது, எதை அடுப்பில் கொல்வது என்று பிரித்துத் தெரிந்துகொண்ட மக்களின் பேரப்பிள்ளை நீ. உனக்குப் பானையைத் திறக்க நடுக்கமா?

இப்போது டென்மார்க்குக்கு வா.

1883. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை. 1847-ல் யாக்கோப்சன் தொடங்கிய ஆலை. அதற்கான ஈஸ்ட்டை ம்யூனிக்கிலிருந்து அவரே வண்டியில் கொண்டுவந்து, வழியெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிச் சூடேறாமல் காப்பாற்றினார் என்பார்கள். நாடே மெச்சிய பீர். அந்தப் பீர் அந்த வருஷம் கெட்டது. கசப்பு, துர்நாற்றம். வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு வாளி இல்லை தம்பி, ஒரு பானை இல்லை, ஆலையே கெட்டுநிற்கிறது! யாக்கோப்சன் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

அந்த ஆலைக்குள் ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. 1875-ல் யாக்கோப்சனே கட்டியது. அதில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்று ஒருவர். 1842-ல் ரீபே என்ற சிற்றூரில் ஏழை வீட்டில் பிறந்தவர். வாலிபத்தில் வீடுகளுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்தவர். படித்து மேலே வந்து நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தவர். எல்லோரும் பாக்டீரியாதான் பீரைக் கெடுத்தது என்று தேடிக்கொண்டிருந்த காலம். ஹான்சனுக்கு வேறு சந்தேகம். நல்லது செய்கிறது என்று நாம் நம்பும் ஈஸ்ட்டுக்குள்ளேயே வேண்டாத ஈஸ்ட் கலந்திருந்தால்?

அவர் செய்த காரியத்தை நிதானமாகக் கேள். ஆலையின் ஈஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்தார். மேலும் மேலும் நீர்த்தார். ஒரு துளியில் ஒரே ஒரு செல் மட்டும் நிற்கும் அளவுக்கு நீர்த்தார். அந்த ஒற்றைச் செல்லைத் தனியாக வளர்த்தார். இன்னொன்றைத் தனியாக வளர்த்தார். ஒவ்வொன்றையும் கொண்டு தனித்தனியாகப் பீர் செய்து பார்த்தார். உண்மை வெளியே வந்தது. ஒரு வகை அருமையான பீரைக் கொடுத்தது. மற்றவை காட்டு ஈஸ்ட். அவற்றில்தான் அந்தக் கசப்பும் நாற்றமும் இருந்தன. யாக்கோப்சன் முதலில் நம்பவில்லை. தான் சுமந்துவந்த ஈஸ்ட்டில் அழுக்கா என்று மனம் ஒப்பவில்லை. ஆனாலும் சோதனை பேசியது, அவர் பணிந்தார். 1883 நவம்பரில் அந்த ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த சுத்த ஈஸ்ட் ஆலையின் தொட்டிக்குள் இறங்கியது. உலகத்தில் ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த ஈஸ்ட்டைக் கொண்டு ஆலை அளவில் பீர் செய்யும் வழக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது.

அதோடு நின்றார்களா? அந்த வழிமுறையை ஒளித்துவைத்துக் கோடி குவிக்கவில்லை. கேட்ட ஆலைகளுக்கெல்லாம் வாரிக் கொடுத்தார்கள். என் நெஞ்சைத் தொட்டது இதுதான். தான் கெட்ட கதையை வெளியே சொன்னால் மானம் போகும் என்று மூடி மறைத்திருந்தால், ஹான்சன் பெயர் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கெட்டுப்போன தொட்டிகள் உலகத்துக்குக் கொடுத்தவை கொஞ்சமா? 1856-ல் பிரான்சின் லீல் நகரில் பீட்ரூட் சாற்றிலிருந்து ஆல்கஹால் எடுத்த ஆலைக்காரர் ஒருவருடைய தொட்டிகள் புளித்துப்போயின. அவர் தன் மகனுக்குப் பாடம் நடத்திய இளம் பேராசிரியரிடம் போய் நின்றார். பேராசிரியர் லூயி பாஸ்டர். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். புளித்த தொட்டியில் அதைவிடச் சின்னஞ்சிறு குச்சிகள். நுண்ணுயிர் பற்றிய அவருடைய மாபெரும் பயணம் அந்தப் புளித்த தொட்டியில் தொடங்கியது. 1871-ல் லண்டன் விட்பிரெட் ஆலைக்குப் போய் அவர்களுடைய ஈஸ்ட்டில் இருந்த குறையை நுண்ணோக்கியில் காட்டினார். மறுமுறை போனபோது ஆலைக்காரர்களே ஒரு நுண்ணோக்கி வாங்கிவைத்திருந்தார்கள்! டப்ளினில் கின்னஸ் ஆலையில் ஈஸ்ட் செல்களை எண்ணும்போது வரும் பிழையைக் கணக்கிட உட்கார்ந்த காசெட், 1908-ல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் பிறந்ததுதான் இன்று சாயர்புரம் போப் கல்லூரி மாணவனும் எந்த ஊர் மாணவனும் புள்ளியியலில் படிக்கும் டி-சோதனை. உன் பாடப்புத்தகத்தின் ஒரு அத்தியாயம் பீர் வாளியைப் பற்றிய கவலையிலிருந்து வந்தது, தெரிந்துகொள்!

போப் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். சாமுவேல் சாயர் என்ற வணிகரின் பெயரால் அமைந்த இந்த ஊருக்கு 1842-ல், அதாவது ஹான்சன் பிறந்த அதே வருஷத்தில், ஒரு வெள்ளைக்கார வாலிபர் வந்து சேர்ந்தார். ஜி.யு.போப். வயது 22. இந்த மண்ணில் பள்ளி நடத்திக்கொண்டே தமிழில் மூழ்கினார். 1886-ல் அவருடைய திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இடையில் நாற்பது வருஷத்துக்கு மேல்! ஒரு வரி தப்பாகிவிடுமோ என்று அவர் தாளைக் கிழித்துப்போட்டு எழுந்து போகவில்லை.

அந்தக் குறளில் அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது அறியாமை என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது? படைச்செருக்கில் இல்லை. அறிவுடைமையில்! அச்சத்தை அறிவின் வீட்டுக்குள் குடிவைத்தார் வள்ளுவர். எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்று பிரிப்பது அறிவின் வேலை. அதனால்தான் உன்னிடம் எல்லாப் பயத்தையும் உதறு என்று நான் சொல்லமாட்டேன். பிரி என்கிறேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என்ன நடந்தது? மெத்தனால் கலந்த சாராயம். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். மெத்தனாலுக்கு நிறம் இல்லை. சாராயத்தில் கலந்திருந்தால் நாக்கு கண்டுபிடிக்காது. பாட்டியின் சோதனையும் மஞ்சள்தூளும் அங்கே உதவாது. அங்கே அஞ்சு! பக்கத்திலேயே போகாதே! உன் தகப்பனோ அண்ணனோ போனால் காலைக் கட்டிக்கொண்டு தடு! அது நொதித்துக் கெட்டது அல்ல, மனிதன் பணத்துக்காக ஊற்றிய விஷம்.

வங்கதேசத்தில் ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சாமல் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிபா காய்ச்சல் வந்தது. இரவில் வௌவால்கள் கலயத்தில் நக்கிய சாறு. அங்கேயும் அஞ்சத்தான் வேண்டும். ஆனால் அஞ்சியவர்கள் மரத்தை வெட்டிப்போடவில்லை. இரவில் படம் பிடிக்கும் கேமராவை மரத்தில் கட்டி வௌவால் வருவதைப் பார்த்தார்கள். சீவிய இடத்தையும் கலயத்து வாயையும் மூங்கில் தட்டியால் சுற்றி மறைத்தார்கள். மறுபடி கேமராவில் பார்த்தார்கள். தட்டி கட்டிய மரத்துச் சாற்றை வௌவாலால் தொட முடியவில்லை. அஞ்சினார்கள், பார்த்தார்கள், மறைத்தார்கள், மறுபடி பார்த்தார்கள். அறிவுள்ள அச்சத்தின் நடை இது!

இனி மெல்போர்ன் தம்பி, உன் வாளிக்கு வா. அதில் இருக்கும் ஆல்கஹாலும் அமிலமும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்து மனிதனுக்கு நோய் தரும் கிருமிகளை அண்டவிடாது. புகுந்தாலும் லாக்டோபேசிலஸ் மாதிரி புளிப்புக்காரர்கள்தான் பெரும்பாலும் புகுவார்கள். ருசியைக் கெடுப்பார்கள், உயிரைக் கெடுக்கமாட்டார்கள். பக்கவாட்டில் ஒட்டிய பழுப்புக் கசடு ஈஸ்ட் பொங்கியதன் தடம். அதைப் பார்த்து நீ பதறுவது, காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்காமலே பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை எடு. இன்று அளந்து எழுது. இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி அள. அளவு இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் நொதிக்கிறது, பொறு. இறங்காமல் நின்றுவிட்டால் முடிந்தது. முகர், ருசி, முடிவெடு. அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தால்தான் ஆபத்து: உள்ளே வாயு கூடிப் புட்டி வெடித்துக் கண்ணாடி பறக்கும். நீ அஞ்சவேண்டிய இடம் அது. அதை விட்டுவிட்டு நுரையைப் பார்த்து அஞ்சிக்கொண்டிருக்கிறாய்! பச்சையாகவோ கறுப்பாகவோ மயிர் முளைத்த பூஞ்சாணம் படர்ந்திருக்கிறதா? அப்போது கொட்டு, யோசிக்காதே. கொட்டியபின் வாளியில் கீறல் இருக்கிறதா, குழாய்க்குள் பழைய பிசுக்கு இருக்கிறதா என்று தேடு. பிசுக்கைத் தேய்த்துக் கழுவாமல் கிருமிநாசினி ஊற்றினால் கிருமி பிசுக்குக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். முதலில் கழுவு, பிறகு கிருமியைக் கொல். கலயத்தைச் சுரண்டிக் கழுவி வெயிலில் காயவைத்தபின் சுண்ணாம்பு தடவும் பனையேறி இந்த வரிசையை என்றைக்கும் மாற்றியதில்லை.

நான் சொல்லத் துடிப்பது இன்னும் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நம் பிள்ளைகள் பலருக்குப் பானையின் மேல் மட்டும் சந்தேகம் இல்லை. பானையை வைத்திருக்கும் கையின் மேலேயே சந்தேகம். ஆலையில் அடைத்து வந்தால் சுத்தம். அம்மா காய்ச்சினால் என்னமோ ஏதோ. லேபிள் ஒட்டியிருந்தால் தரம். ஓலைப்பெட்டியில் வந்தால் சந்தேகம். அப்பா பனையேறி என்று கல்லூரியில் சொல்லவே நாக்கு கூசுகிறது. ஏன்? யார் இந்தக் கூச்சத்தை உனக்குள் ஊற்றியது? 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது எந்த ஆலைக்குக் கிடைத்த பட்டம்? விடிலிப் புகையில் கண் எரிய எரியக் கிளறிய கைகளுக்குக் கிடைத்தது! சீனியைக் கலந்து கருப்பட்டி என்று விற்கிறவன் கூசாமல் சந்தையில் நிற்கிறான். கலப்படம் இல்லாமல் காய்ச்சிய நீ தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாய். நியாயமா இது? தலையை நிமிர்த்து! வாங்க வருகிறவர், “இது சுத்தமா?” என்று கேட்டால், “கடவுள் சத்தியமா சுத்தம் அண்ணாச்சி” என்று கெஞ்சாதே. “எந்த மரம், எந்த நாள், எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை மணிக்கு அடுப்பேற்றினேன், எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன் அண்ணாச்சி, பாருங்கள்” என்று நோட்டை நீட்டு. சத்தியம் பண்ணுகிறவனை உலகம் பாதி நம்பும். நோட்டை நீட்டுகிறவனிடம் அடுத்த வாரமும் வரும்.

அந்த நோட்டு உன்னிடம் இருக்கிறதா? இல்லை என்றால் இன்றைக்கே சாயர்புரம் கடைத்தெருவில் ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. ஒவ்வொரு கலயத்தின் கழுத்திலும் எண் எழுது. நாளைக் காலையிலிருந்து பதிவு போடு. தேதி. கலயத்தின் எண். மரம். வெயிலா, மூட்டமா. எத்தனை மணிக்கு இறங்கியது. நுரை உண்டா. நாக்கில் என்ன சொன்னது. மஞ்சள் சிவந்ததா. அடுப்பேறிய நேரம். பாகு இறுகியதா, ஒட்டியதா. எழுதப் பழகும்வரை கை வலிக்கும், வீட்டில் கேலி பேசுவார்கள், எழுது! பத்து நாள் ஆனதும் ஒரு மத்தியானம் நிழலில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டு. மொத்தமும் கெட்டுப்போகிறது என்று நீ பயந்துகொண்டிருந்தாயே, புளித்தது ஏழாம் எண் கலயம் மட்டும்தான், அதுவும் திரும்பத் திரும்ப அது ஒன்றுதான் என்று உன் கையெழுத்தே உனக்குக் காட்டினாலும் காட்டும். எடு அந்தக் கலயத்தை. உள்ளே விரலை விட்டுத் தடவு. விரிசலுக்குள் பழைய பிசுக்கு தட்டுப்படுகிறதா? போட்டு உடை. மற்றவற்றை அடுப்பில் ஏற்று!